அவள் வந்தால் உறுமவும்

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் நிற்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். எடுத்த முடிவை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது. மனைவி அப்போது காய்கறி வாங்கப் போயிருந்தாள்.

விஷயம் எங்கள் முன் அறை பற்றியது. வாசலை ஒட்டிய அறை. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், படி கிடையாது. அதில் நானும் என் ஐந்து பழைய கம்ப்யூட்டர்களும் வசித்து வந்தோம். நான் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மின், அதாவது அங்குள்ள கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். வேலை வீட்டிலிருந்தே. அந்த வேலைக்கு மடியில் வைக்கிற லேப்டாப் ஒன்று போதும். பின்னே அந்த ஐந்தும் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவில் நாய்க்குட்டி கிடந்தால் தூக்கி வருகிற ஆட்கள் உண்டு. நான் கம்ப்யூட்டர் கிடந்தால் தூக்கி வருவேன். ஏதாவது ஆபீஸ் காலி செய்து வெளியே போட்டிருந்தால் எனக்கு மனசு கேட்காது. முதலில் வந்தது 'மூத்தவர்'. பீரோ கனம். அடுத்து 'இருமல்'. ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் எழுந்திருக்கும். மூன்றாவது 'மூக்கடைப்பு'. கடைசியாக ஒரே ஜாடையில் 'இரட்டையர்'. இந்த ஐந்தும் சேர்ந்து என்ன வேலை செய்தன என்றால், மூத்தவர் மணி காட்டும். மற்றவை அதை ஆமோதிக்கும்.

என் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். அவள் கை பட்டால் மடங்காத முழங்கால் மடங்கும், நிமிராத முதுகு நிமிரும். நிமிர்ந்து நிற்கிற கணவன் மடங்குவதும் உண்டு. அதற்குக் கை படவே வேண்டாம், பார்வையே போதும்.

அன்று காய்கறிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"ஏங்க, வேலையை விடறதா எழுதிக் குடுத்துட்டேன்."

"எந்த வேலையை?"

"ஆஸ்பத்திரி வேலையைத்தான். வீட்டு வேலையை விடறதுக்கு யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்னு தெரியலை."

"திடீர்னு என்னாச்சு?"

"திடீர்னு எல்லாம் இல்லை. ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான். அங்க ஒரு முதுகைப் புடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த முதுகு வந்து நிக்குது. யாரையும் நிதானமாப் பாக்க முடியலை. இனிமே சொந்தமா பண்ணப் போறேன். ஒரு கட்டில், ஒரு திரை, சுவத்துல ஒரு கம்பி. அது போதும்."

"நல்ல விஷயம்தானே. எங்க பண்ணப் போற?"

அவள் முன் அறையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கையில் ஏற்கெனவே அளவு நாடா இருந்தது.

"அங்க ஆபீஸ் இருக்கும்மா."

"உங்க ஆபீஸ் மடியிலதானே இருக்கு?"

"மடியில இருக்கறது வெறும் கதவு. ஆபீஸ் முழுக்க அந்த அஞ்சுலதான் ஓடுது. ராப்பகலா."

"சத்தமே வரலையே."

"உண்மையா உழைக்கறவன் சத்தம் போடமாட்டான்."

"அப்ப நீங்க?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசினால் அது தீர்ப்பு.

"இத பாருங்க. நிஜமாவே அதுங்கதான் உங்க பொழைப்புன்னா நான் கேக்கவே மாட்டேன். என் வேலைக்காக உங்க வேலையைக் கெடுக்கறது நியாயமில்லை. இந்த வாரம் பூரா வந்து பாக்கறேன். அதுங்க வேலை செஞ்சா ரூம் உங்களுது, நான் வேற வழி பாத்துக்கறேன். சும்மா உக்காந்திருந்தா ரூம் எனக்கு. சரியா?"

"சரி" என்றேன். காலையில் எடுத்த முடிவு அத்தோடு முடிவுக்கு வந்தது.

அவள் எழுந்து போய் அறையின் அகலத்தை அளந்து பார்த்தாள். ஜன்னலருகே நின்று, கட்டில் போடும் இடத்தைக் கையால் காற்றில் வரைந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துவிட்டேன். ஆனாலும் மூத்தவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது. மனிதன் அப்படித்தான்.

வாசலுக்கு வந்தால் எதிர் வீட்டு டிரைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ் ஓட்டி ஓட்டி அவருக்கு இடுப்பு போய்விட்டது. கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுத்தால், நிமிர்த்திவிட ஆள் வேண்டும்.

"அண்ணே, ரூம் எப்ப காலியாகுது?"

"எந்த ரூம்?"

"அண்ணி சொன்னாங்களே. மொத பேஷண்ட் நான்தான். துண்டு போட்டு வச்சுட்டேன்."

"இன்னும் முடிவாகலை."

"அண்ணி முடிவு பண்ணிட்டேன்னாங்களே?"

"நான் முடிவு பண்ணலை."

டிரைவர் சிரித்தார். பாதிச் சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டில் சாய்ந்தார்.

"சிரிக்க வைக்காதீங்கண்ணே. புடிச்சுக்குது."

அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது. ஐந்து கம்ப்யூட்டர்களும் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதானே? செய்யவைக்கிறேன் பார். எழுதிக் கொடுத்தாலும் இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டுமாம். மனைவி மதியம் டியூட்டிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்றதும் பயந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு நாம் எழுதி வைக்கும் உத்தரவு, அவ்வளவுதான். இப்படி நடந்தால் அப்படிச் செய். நடக்காவிட்டால் சும்மா இரு. எதிர்க்கேள்வி கேட்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. உத்தரவு போட எனக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அது.

என் கம்ப்யூட்டர்களில் இன்னொரு வசதி, உடம்பில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் ஒரு கோப்பாகக் கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டுமா? ஒரு கோப்பைத் திறந்தால் எண் இருக்கும். விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும்? இன்னொரு கோப்பில் எழுதினால் போதும். கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு இருக்கிறதே, அதுவும் ஒரு கோப்புதான். அதில் ஒன்று என்று எழுதினால் எரியும், பூஜ்யம் எழுதினால் அணையும். சிடி தட்டுக்கு ஒரே ஒரு சொல். சொன்னவுடன் நாக்கை நீட்டும், இன்னொரு தரம் சொன்னால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆக, ஐந்தும் உறும வேண்டும், மினுக்க வேண்டும், நாக்கை நீட்டி நீட்டி இழுக்க வேண்டும். நாள் முழுக்க உறுமினால் என் காது போய்விடும். அவள் வரும்போது மட்டும் உறுமினால் போதும். அவள் வருவது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் மனைவி எங்கே போனாலும் அவள் போன் கூடவே போகும். அந்தப் போனுக்குள் ப்ளூடூத் சில்லு இருக்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் பிறக்கும்போதே ஒரு எண். அது மாறாது. முந்தின நாள்தான் "போன் ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாருங்க" என்று அவளே என் கையில் கொடுத்திருந்தாள். என்னவென்று பார்த்தேன். அந்த எண்ணையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கூப்பிட்டு "இருக்கியாம்மா?" என்று கேட்கும். பதில் மெலிந்து வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று அர்த்தம். வலுத்து வந்தால் அறை வாசலைத் தாண்டிவிட்டாள். உடனே உறுமு. ஸ்கிரிப்ட் நடுவில் செத்துப்போனால் அதை உயிர்ப்பிக்க இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன். உறுமி உறுமிச் சூடு எல்லை மீறினால் மரியாதையாக அணைந்து படுத்துக்கொள்ளும்படி மூன்றாவதும் எழுதினேன். வயசான மெஷின்கள், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

திங்கள் மாலை அரங்கேற்றம். அவள் டீ டம்ளரோடு அறை வாசலைத் தாண்டினாள். ஒரு வினாடி அமைதி. பிறகு இருமல் இருமியது. மூக்கடைப்பு சீறியது. இரட்டையர் சேர்ந்து நாக்கை நீட்டினார்கள். மூத்தவர் உறுமிய உறுமலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விளக்குகள் எல்லாம் கண்ணடித்தன. நான் லேப்டாப்பில் இல்லாத ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டு, நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்தேன்.

"என்னங்க இது?"

"ஆபீஸ். சாயங்காலம் ஆனாலே நெருக்கடிதான்."

"இந்தத் தட்டு ஏன் இப்படி வெளிய வெளிய வருது?"

"மூச்சு விடுதும்மா. உழைப்பு அப்படி."

அவள் மூத்தவர் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடு. நோயாளியின் முதுகில் வைப்பதுபோலவே வைத்தாள்.

"பாவம், எப்படிக் கொதிக்குது" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மட்டுமல்ல. செவ்வாய் வந்தாள், உறுமின. புதன் வந்தாள், உறுமின. போகப் போக ஒரு மாற்றம். என்னிடம் அவள் குரல் இறங்கிவிட்டது. "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். ஹாலில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டுவந்து மூத்தவர் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு வைக்கவில்லை, மூத்தவருக்கு. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது. அளவுக்கு மிஞ்சிய அன்பாக இருக்கிறதே என்று லேசாக உதறல் எடுத்தது.

புதன்கிழமை சாப்பிடும்போது அவள் ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள்.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. நான் உள்ள போனா அப்படி நொண்டறாரு. நான் வெளிய வந்தா நல்லா நடக்கறாரு."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணாடிக் கதவுதானே. அந்தப் பக்கம் நின்னு பாத்தேன்."

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலை. அவங்களே ஒரு நாள் நொண்ட மறந்துடுவாங்க."

சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். சாதாரணமாகத்தான் சொன்னாளா, சாடையாகச் சொன்னாளா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் படித்தாலும் புரியாத ஒரே கோப்பு அந்த முகம்தான்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் டீ கொண்டுவந்தாள், ஐந்தும் உறுமின. பழைய டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே போகிறாள். இனி உறுமல் அடங்கும் என்று காத்திருந்தேன்.

அடங்கவில்லை.

லேப்டாப்பில் பார்த்தேன். ஸ்கிரிப்ட் உறுதியாகச் சொல்கிறது, 'அவள் இருக்கிறாள். மிக அருகில்.' திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், "ஏம்மா, எங்க இருக்க?" என்று வெறும் அறையைப் பார்த்துக் கேட்டேன். மூக்கடைப்பு சீறியது.

அந்தச் சமயம் பார்த்து மேலாளர் வீடியோவில் வந்துவிட்டார்.

"என்ன சத்தம் அது? மாவு மில்லுலயா உக்காந்திருக்கீங்க?"

"பக்கத்துல கட்டட வேலை சார்."

"உங்களுக்குப் பின்னாடி ஏதோ ரெண்டு நாக்கு நீட்டுது."

"பழைய மெஷின் சார்."

"என்னைப் பாத்தா?"

"எல்லாரையும் பாத்துத்தான் சார்."

ஸ்விட்சை அணைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எப்படி அணைப்பது? அவள் அருகில் இருக்கிறாள் என்று ஸ்கிரிப்ட் அடித்துச் சொல்கிறது. கண்ணாடிக் கதவுக்காரி ஆயிற்றே. எங்கோ மறைந்து நின்று பார்க்கிறாள். நான் கையை நீட்டி ஸ்விட்சைத் தொட்ட மறு நிமிடம் "ஓ, ஆபீஸை அணைச்சுட்டீங்களா?" என்று வந்து நிற்பாள். ஸ்கிரிப்டையாவது நிறுத்துவோம் என்று ரகசியமாகக் கொன்றேன். காவல் ஸ்கிரிப்ட் உடனே உயிர்ப்பித்துவிட்டது. மறுபடி கொன்றேன். மறுபடி எழுந்தது. என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. அன்றைக்குத்தான் அதன் விலை தெரிந்தது.

அறை அடுப்பாகிவிட்டது. நெற்றியில் நிஜ வியர்வை. மேலாளர் என்னவோ கேட்கிறார், நான் என்னவோ சொல்கிறேன். ஒரு கட்டத்தில் இருமல் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. சூடு எல்லை மீறிவிட்டது, மூன்றாவது ஸ்கிரிப்ட் வேலையைக் காட்டுகிறது. அடுத்து மூக்கடைப்பு. அதன்பின் இரட்டையர், பிறப்பில் போலவே இதிலும் சேர்ந்தே. கடைசியில் மூத்தவரும் பெருமூச்சு விட்டு அணைந்தார். அறையில் அப்படி ஓர் அமைதி.

"ஆங், இப்பதான் தெளிவாக் கேக்குது" என்றார் மேலாளர். "எதை நிறுத்தினீங்களோ, அதை மறுபடி போட்டுடாதீங்க."

மீட்டிங் பாட்டுக்கு நடந்தது. வேலை பாட்டுக்கு ஓடியது. ஐந்தும் அணைந்தது கம்பெனியில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அப்படிப் பச்சையாகத் தெரிந்தபோது மனசுக்குள் என்னவோ செய்தது.

மீட்டிங் முடிந்ததும் அறைக்குள்ளிருந்து ஒரு போன் அடித்தது. என் போன் இல்லை. இரட்டையருக்கு நடுவே, வயர்களுக்கு மேல், என் மனைவியின் போன். திரையில் 'டிரைவர் இடுப்பு' என்று பெயர். எடுத்தேன்.

"அண்ணி, ரூம் விஷயம் என்னாச்சு?"

"அண்ணி இல்லை, நான்தான்."

"அண்ணி போன் எப்படிண்ணே உங்ககிட்ட?"

"அதான் எனக்கும் புரியலை" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் புரிந்துவிட்டது. பளிச்சென்று புரிந்தது. நான் போட்ட கணக்கு போன் வந்தால் மனைவி வந்த மாதிரி என்று. என் தொழிலில் கத்துக்குட்டிகூடச் செய்யக்கூடாத தப்பு. மெஷினை அடையாளம் கண்டால் ஆளை அடையாளம் கண்டதாக ஆகாது. கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான்தான் பாடம் எடுக்கிறேன். அவள் அந்த ஓட்டையைப் பிடித்துவிட்டாள். போனை வேண்டுமென்றே என் அறையில் ஒளித்துவைத்துவிட்டு, தான் வெளியே போய்விட்டாள். நொண்டுகிறவர் கதை சொன்னதும் என்னைப் பார்த்துத்தான். டேபிள் ஃபேன், 'பாவம் கொதிக்குது', கூடப் பரிமாறியது, எல்லாமே நாடகம். நான் நான்காவது நாள் கண்டுபிடிக்கும் தப்பை அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, என்னை வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஆடிப்போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தாள். முகம் வெயிலில் கருத்திருந்தது. ஆனால் ஏதோ ஒரு தெளிவு. செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, என் போனைப் பாத்தீங்களா?"

கேட்டாள் பாருங்கள், அந்தக் குரலில் அப்படி ஓர் அப்பாவித்தனம். கத்தியைச் சொருகிவிட்டு வலிக்கிறதா என்று கேட்பார்கள், அந்த ரகம்.

"இந்தா" என்று நீட்டினேன்.

"அப்பாடா. ஒரு விஷயம் சொல்லணும் உங்ககிட்ட. இந்த ரூம் இருக்குல்ல..."

"வேண்டாம்மா. நீ சொல்லாத. என் வாயாலயே சொல்லிடறேன்."

அவள் அப்படியே நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ப்ளூடூத் சில்லு, அதன் எண், அறை வாசல், விளக்கு, விசிறி, காவல் ஸ்கிரிப்ட். அவள் நடுவில் பேசவே இல்லை. "ம்" என்பாள். "அப்புறம்?" என்பாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட இதைவிட அதிகமாகப் பேசியிருப்பார்கள்.

"அந்தத் தட்டு வெளிய வந்துச்சே, அதுவுமா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"அதுவும்தான்."

"மூச்சு விடுதுன்னீங்களே."

"பொய்."

"அப்ப அதுங்க என்ன வேலைதான் செய்யுது?"

"மணி காட்டும்."

"அஞ்சுமா?"

"மூத்தவர் மட்டும்தான்."

சொல்லி முடித்தபோது வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. ஆனால் நாலு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டதும் உண்மை. அவள் அந்த அறையில் நின்று காற்றில் கட்டில் வரைந்த முகம் எனக்குள் எங்கோ உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அவள் வெகுநேரம் என்னையே பார்த்தாள். உதட்டோரம் ஏதோ துடித்தது. கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.

"அப்ப ரூம்?" என்றாள்.

"உனக்குத்தான். பேச்சே இல்லை."

"சரிங்க. நாளைக்கே காலி பண்ணிடலாம்."

மறுநாள் மூத்தவரைத் தூக்க டிரைவர் ஓடி வந்தார். ஒரு முனையைத் தொட்டதுமே இடுப்பு பிடித்துக்கொள்ள, மூத்தவரைத் தூக்குவதா டிரைவரைத் தூக்குவதா என்ற நிலை. இரட்டையரையும் மூக்கடைப்பையும் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம் ஆசையாக வாங்கிக்கொண்டது. இருமலை என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மூத்தவரை மட்டும் யாராலும் நகர்த்த முடியவில்லை, அறை மூலையிலேயே விட்டுவிட்டோம். ஜன்னலோரம் கட்டில் வந்தது. இளம்பச்சைத் திரை வந்தது. சுவரில் கம்பி வந்தது. நான்தான் துளை போட்டேன், அவள்தான் எங்கே என்று சொன்னாள்.

முதல் பேஷண்ட் டிரைவர். வளைந்து உள்ளே போனவர், கொஞ்ச நாளில் வெளியே வரும்போது முழு உயரத்தில் வந்தார். அவர் அவ்வளவு உயரம் என்று தெருவில் யாருக்குமே தெரியாது. கேட்டருகே விழுந்திருந்த சாவியைக் குனிந்து எடுத்தார், தானே நிமிர்ந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். முழுச் சிரிப்பு. உள்ளே என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அழகைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவளை நான் வேலை இடத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது காலையும் மாலையும் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்க்கிறாள்.

முழங்கால்காரர்கள்தான் தொல்லை. வலிக்குப் பயந்து காலை மடக்கமாட்டார்கள். அதற்கு நான் ஒரு யோசனை செய்தேன். பழைய விளையாட்டுப் பெடல் ஒன்றை மூத்தவரோடு இணைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். காலால் ஒருமுறை அமுக்கினால் விளக்கு ஒருமுறை எரியும். அன்றைக்கு எத்தனை சொல்லியிருக்கிறாளோ அத்தனையும் அமுக்கி முடித்தால் சிடி தட்டு தானே வெளியே வரும், அதில் ஒரு மிட்டாய் இருக்கும். பெரிய பெரிய ஆட்கள் அந்த மிட்டாய்க்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குகிறார்கள். மூத்தவருக்கு முதல்முறையாக ஓர் உத்தியோகம்.

"நீங்க எழுதினதுலயே உருப்படியான ஸ்கிரிப்ட் இதுதான்" என்றாள் என் மனைவி.

அன்று அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். கடைசி ஆளும் போயாகிவிட்டது, திரையை மடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட இதுதான் சமயம் என்று தோன்றியது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ப்ளூடூத் விஷயத்தை நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எந்த ப்ளூடூத்?"

"அதான், போனை ரூம்ல ஒளிச்சு வச்சு என்னை மாட்டவச்சியே."

"ஒளிச்சு வச்சேனா? ரெண்டு கையிலயும் டம்ளர். கீழ வச்சதை எடுக்க மறந்துட்டேன். நாள் பூரா போன் இல்லாம திண்டாடினேன்."

"அப்ப அந்த நொண்டற ஆள் கதை?"

"அவரு இன்னும் நொண்டிக்கிட்டுதான் இருக்காராம்."

கட்டிலில் உட்கார்ந்தேன், அவளுடைய கட்டில்.

"அப்ப உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்? அதுங்க உழைக்கற உழைப்பைப் பாத்து, பாவம், உங்க பொழைப்புல கை வைக்கக்கூடாதுன்னு நினைச்சேன். அன்னைக்குப் பூரா வெயில்ல அலைஞ்சு கடைத்தெருவுல வாடகைக்கு ஒரு இடம் பேசிட்டு வந்தேன். 'ரூமை நீங்களே வச்சுக்கங்க'ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

"திறந்தவ சொல்லியிருக்கலாம்ல?"

அவள் திரையை நிதானமாக மடித்து வைத்தாள்.

"நடுவுல பேசினா உங்களுக்குப் பிடிக்காதேன்னு சும்மா இருந்துட்டேங்க."